வெந்நீரும் வீட்டுக் கணக்கும்

வெந்நீர்க் குளியல் நம் பாட்டிமார் காலத்தில் எல்லார்க்கும் நாள்தோறும் கிட்டிய வசதியன்று. பிள்ளை பெற்ற தாய்க்கும், காய்ச்சலிலிருந்து தேறி எழுந்தவர்க்கும், மூட்டுவலியால் வருந்தும் முதியோர்க்கும், பண்டிகை நாளின் எண்ணெய்க் குளியலுக்கும் மட்டுமே அடுப்பில் அண்டா ஏறிற்று. சற்று வசதி படைத்த இல்லங்களில், நடுவே கரியிட்டு எரிக்கும் செம்புப் பாய்லர் ஒன்று கொல்லைப்புறத்தில் நின்றது. விறகுக்கும் கரிக்கும் கொடுத்த காசு கண்ணெதிரே புகையாய்ப் போனதால், சிக்கனத்தை எவரும் எவர்க்கும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. சுவரிலுள்ள ஒரு சுவிட்சைத் தட்டினால் வெந்நீர் வருகிறது. புகையில்லை, சாம்பலில்லை, செலவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மின்கட்டணம் வரும்போதுதான் குடும்பத் தலைவரின் நெற்றி சுருங்குகிறது. அப்போது, “தொட்டி வைத்த கீசர் நல்லதா? தொட்டியில்லாமல் உடனுக்குடன் சுடவைக்கும் கீசர் நல்லதா? எதில் செலவு குறைவு?” என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. கடைக்காரர் ஒன்று சொல்வார். அண்டை வீட்டார் வேறொன்று சொல்வார். கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் இயேசு உவமையாய்ச் சொன்னாரன்றோ? குளியலறையில் ஒரு கருவியை மாட்டுவதற்கும் அந்த அறிவுரை பொருந்தும். ஆகவே, நாமும் சற்று உட்கார்ந்து கணக்கிடுவோம்.

இருவகைக் கருவிகள்

‘கீசர்’ என்ற சொல், நிலத்தினின்று வெந்நீரைப் பீறிட்டு எழச்செய்யும் ஐஸ்லாந்து நாட்டு ஊற்றொன்றின் பெயரிலிருந்து பிறந்தது. 1868-ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாஹன் என்பவர், ஓடும் நீரை எரிவாயுவால் அப்போதைக்கப்போது சூடாக்கும் கருவியைச் செய்து அதற்கு இப்பெயரைச் சூட்டினார். நீரைத் தேக்கிவைத்துத் தானே சூடாக்கும் தொட்டிக் கருவியை, நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எட்வின் ரூட் என்ற பொறியாளர் அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே உருவாக்கினார். ஆக, புதுமையென்று இன்று விளம்பரம் செய்யப்படும் தொட்டியில்லாக் கருவியே உண்மையில் மூத்தது.

நம் கடைகளில் தொட்டிக் கருவியை ‘ஸ்டோரேஜ்’ என்றும், மற்றதை ‘இன்ஸ்டன்ட்’ என்றும் சொல்லி விற்கிறார்கள். தொட்டிக் கீசர் 10, 15, 25 லிட்டர் என்ற அளவுகளில் வருகிறது. அதன் மின்திறன் பெரும்பாலும் 2 கிலோவாட். நீரைச் சுமார் 60 டிகிரி வரை சூடாக்கி வைத்துக்கொண்டு, நாம் குழாயைத் திறக்கும்வரை காத்திருக்கும். உடனடிக் கீசர் 1 அல்லது 3 லிட்டர் மட்டுமே கொள்ளும். அதன் திறன் பெரும்பாலும் 3 கிலோவாட். நீர் ஓடும்போதே சுடவைத்து அனுப்பிவிடும். விலையிலும் இதுவே எளியது.

நீரின் கணக்கு ஒன்றே

முதலில் ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நீரைச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் கருவிக்குக் கருவி மாறுவதன்று. ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்கும். அல்லது 86 லிட்டர் நீரைப் பத்து டிகிரி சூடாக்கும். எவ்வளவு விலையுயர்ந்த கீசரும் இதற்குமேல் செய்ய இயலாது. மின்சுருளில் பாயும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே மாறிவிடுவதால், மலிவான கீசரும் இதில் பின்தங்குவதில்லை.

ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு வாளி, அதாவது 20 லிட்டர், 40 டிகிரி வெந்நீர் என்றால், நாளொன்றுக்கு 100 லிட்டர் ஆகிறது. சமவெளி நகரங்களில் மார்கழிக் காலையில் குழாய்நீர் 26 டிகிரி என்று கொண்டால், அதை 14 டிகிரி உயர்த்த வேண்டும். 100-ஐ 14-ஆல் பெருக்கி 860-ஆல் வகுத்தால், சுமார் 1.63 யூனிட் வருகிறது. மாதத்திற்கு 49 யூனிட். ஒரு யூனிட் 6 ரூபாய் என்று கணக்கின் வசதிக்காக வைத்துக்கொண்டால், மாதச் செலவு 294 ரூபாய்.

உதகையிலோ கொடைக்கானலிலோ வாழும் குடும்பத்தின் கணக்கு வேறு. பனிக்காலத்தில் அங்கே குழாய்நீர் 15 டிகிரி என்று கொண்டால், 25 டிகிரி உயர்த்த வேண்டும். நாளொன்றுக்கு 2.9 யூனிட், மாதத்திற்கு 87 யூனிட், செலவு 522 ரூபாய். கருவி எதுவாயினும் இந்த அடிப்படைச் செலவிலிருந்து எவரும் தப்ப முடியாது.

அடுக்குமுறைக் கட்டணம் நடைமுறையிலுள்ள இடங்களில், பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலையும் கூடும் என்பதை மறக்கலாகாது. குளிர்காலத்தில் கீசர் கூட்டும் யூனிட்டுகள் குடும்பக் கணக்கின் மேலடுக்கில் போய் விழுகின்றன. ஆகவே அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் விலையுயர்ந்த யூனிட்டே ஆகும்.

3 கிலோவாட் என்ற அச்சம்

“உடனடிக் கீசர் 3 கிலோவாட் இழுக்கும், தொட்டிக் கீசர் 2 கிலோவாட்தான் இழுக்கும். ஆகவே முன்னதற்கே கட்டணம் அதிகம்” என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறான எண்ணம். மின்கட்டணம் திறனுக்கு மட்டுமன்று, திறனையும் நேரத்தையும் பெருக்கி வரும் தொகைக்கே விதிக்கப்படுகிறது. 3 கிலோவாட் கருவி 20 நிமிடம் இயங்கினால் ஒரு யூனிட். 2 கிலோவாட் கருவி 30 நிமிடம் இயங்கினாலும் அதே ஒரு யூனிட். வேகமாக நடப்பவனும் மெதுவாக நடப்பவனும் ஒரே தூரத்தைத்தான் கடக்கிறார்கள்.

காத்திருக்கும் வெப்பத்தின் விலை

அப்படியானால் இரண்டுக்கும் வேறுபாடே இல்லையா? உண்டு. அது சூடாக்குவதில் இல்லை. சூடாக்கியதைக் காத்து வைப்பதில் இருக்கிறது.

தொட்டியில் 60 டிகிரியில் நிற்கும் நீர், எவ்வளவு நல்ல உறை போட்டாலும், சுற்றியுள்ள காற்றுக்கு வெப்பத்தைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டே இருக்கும். அது தணிந்தவுடன் தெர்மோஸ்டாட் மீண்டும் மின்சாரத்தைப் பாய்ச்சும். எவரும் ஒரு சொட்டு நீரைத் தொடாவிட்டாலும், நாள் முழுதும் சுவிட்ச் போட்டே வைத்த சாதாரண 25 லிட்டர்க் கீசர் நாளொன்றுக்குச் சுமார் ஒரு யூனிட்டை இவ்வாறு வீணாக்கும். வெப்பக்காப்பு நன்கமைந்த கீசரில் இவ்விழப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். 2002-ஆம் ஆண்டில் மத்திய அரசு நிறுவிய எரிசக்தித் திறன் பணியகம் வழங்கும் நட்சத்திர முத்திரை, தொட்டிக் கீசர்களைப் பொறுத்தவரை இந்த இழப்பின் அளவையே குறிக்கிறது. நட்சத்திரம் கூடக்கூட இழப்பு குறைவு.

சமவெளியில் வாழும் நம் ஐவர் குடும்பத்துக்கே திரும்புவோம். உடனடிக் கீசர் வைத்திருந்தால் மாதம் 49 யூனிட். காத்திருக்கும் இழப்பு அநேகமாக இல்லை. தொட்டிக் கீசரை நாள் முழுதும் போட்டே வைத்திருந்தால் 49-உடன் 30-ஐக் கூட்ட வேண்டும்; ஆக 79 யூனிட், 474 ரூபாய். அதே தொட்டிக் கீசரைக் காலையில் அரை மணி முன்னதாகப் போட்டு, குளித்து முடிக்குமுன் அணைத்துவிட்டால், இழப்பு மாதம் ஆறேழு யூனிட்டுக்குள் அடங்கும். ஆக சுமார் 56 யூனிட், 336 ரூபாய்.

இந்த மூன்று தொகைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உடனடிக் கீசருக்கும் கவனமாகப் பயன்படுத்திய தொட்டிக் கீசருக்கும் இடையே மாதம் 40 ரூபாய் அளவே வேறுபாடு. ஆனால் ஒரே தொட்டிக் கீசரைக் கவனத்தோடு பயன்படுத்துவதற்கும் கவனமின்றிப் பயன்படுத்துவதற்கும் இடையே 138 ரூபாய் வேறுபாடு. ஆக, கருவியைவிடக் கையின் பழக்கமே பெரிய செலவாளி என்பது தெளிவாகிறது.

பிறநாட்டுக் கணக்கு நமக்கு ஒவ்வுமா?

அமெரிக்க எரிசக்தித் துறை தன் மக்களுக்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 155 லிட்டருக்கு மேற்படாமல் வெந்நீர் பயன்படுத்தும் வீடுகளில், தொட்டியில்லாக் கருவி 24 முதல் 34 விழுக்காடு வரை கூடுதல் சிக்கனமானது; 325 லிட்டர் அளவுக்குப் பயன்படுத்தும் வீடுகளில் அது 8 முதல் 14 விழுக்காடே. குறைவாகப் பயன்படுத்துவோர்க்கு ஆதாயம் மிகுதியாவது ஏன்? பயன்படுத்துவது குறையும்போது, மொத்தச் செலவில் காத்திருக்கும் இழப்பின் பங்கு கூடிவிடுகிறது. அந்த இழப்பை ஒழிக்கும் கருவிக்கு அங்கே மதிப்பும் கூடுகிறது.

ஆனால் அந்த விழுக்காட்டை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவருவது பொருந்தாது. அங்கே 150 லிட்டருக்கு மேற்பட்ட பெருந்தொட்டிகள் ஆண்டு முழுதும் இரவும் பகலும் சூடாகவே நிற்கின்றன. நாமோ தேவைக்குப் போட்டுத் தேவை முடிந்ததும் அணைக்கும் வழக்கமுடையவர்கள். அணைக்கும் பழக்கமுள்ள வீட்டில் அந்த ஆதாயத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது.

எந்த வீட்டுக்கு எது?

செலவு மட்டுமே தேர்வுக்குப் போதுமானதன்று. சமவெளியில் 3 கிலோவாட் உடனடிக் கீசர் நிமிடத்திற்கு 3 லிட்டர் வெந்நீர் தரும். ஒரு வாளி நிரம்ப ஏழு நிமிடம் போதும். மலைப்பகுதியிலோ அதே கீசர் நிமிடத்திற்கு 1.7 லிட்டரே தரும். வாளி நிரம்பப் பன்னிரண்டு நிமிடமாகும். ஐந்து பேர் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் புறப்படும் வீட்டில் வாளி நிரம்புவதற்கே ஒரு மணி நேரம் ஓடிவிடும். மேலும் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200-க்கு இறங்கினால், கீசரின் திறன் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைந்துபோகும். நீர் இன்னும் மெலிந்து ஒழுகும். இத்தகைய இடங்களுக்கு, முன்னதாகவே வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் தொட்டிக் கீசரே ஏற்றது. 2012-ஆம் ஆண்டில் தமிழகம் பட்ட மின்வெட்டுத் துன்பம் நினைவிருப்போர்க்கு, மின்சாரம் நின்ற பின்னும் வெந்நீர் தரும் தொட்டியின் அருமையும் தெரியும்.

சமவெளியில் வாழும் இருவர் மூவர் குடும்பத்துக்கும், வெவ்வேறு நேரங்களில் சிறிது சிறிதாக வெந்நீர் வேண்டியவர்க்கும், சமையலறைக் கழுவுதொட்டிக்கும் உடனடிக் கீசரே போதுமானது. மலைவாழ் குடும்பத்துக்கும், பலர் அடுத்தடுத்துக் குளிக்கும் பெரிய குடும்பத்துக்கும் 25 லிட்டர்த் தொட்டி உகந்தது. சமவெளியில் அது ஒருமுறை சூடானால், தண்ணீர் கலந்து மூன்று வாளி தரும். மலையில் இரண்டு வாளிக்குச் சற்று மேல் தரும். மாணவர் விடுதி, கன்னியர் இல்லம் போன்ற இடங்களில் கூரைமேல் சூரிய வெந்நீர்க் கலத்தை அமைப்பது, தொடக்கத்தில் செலவானாலும், வெயிலுள்ள நாள்களில் மின்சாரத்தை முற்றிலும் மிச்சப்படுத்தும்.

எரிவாயுக் கீசரும் உயிர்க்கணக்கும்

தொட்டியில்லாக் கருவிகளுள் எரிவாயுவால் இயங்குவதும் ஒன்று. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 178 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான வெப்பம் இருக்கிறது. அதில் ஐந்திலொரு பங்கு புகையோடு போய்விடும் என்று கொண்டால், நீரில் சேர்வது 142 யூனிட் அளவு. சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், யூனிட்டுக்கு 6 ரூபாய் 34 காசு ஆகிறது. மின்சாரத்தைக் காட்டிலும் பெரிய ஆதாயம் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் இங்கே காசைவிடப் பெரிய கணக்கொன்று இருக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் எரிவாயு எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலைச்சுற்றல் என்று உணர்வதற்குள் கைகால் சோர்ந்துவிடும். தாழிட்ட கதவைத் திறக்கவும் இயலாது. எரிவாயுக் கீசர் மாட்டிய சிறு குளியலறைகளில், குளிக்கச் சென்றவர் பிணமாக மீட்கப்பட்ட செய்திகளை நாளேடுகளில் நாம் படித்திருக்கிறோம். ஆகவே எரிவாயுக் கீசரைக் குளியலறைக்கு உள்ளே மாட்டவே கூடாது. காற்றோட்டமுள்ள வெளியிடத்தில், புகைபோக்கியுடன் அமைத்து, குழாய் மூலம் நீரை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். அதற்கு இடமில்லாத வீட்டில் அக்கருவியே வேண்டா.

மின்கீசருக்கும் காவல் தேவை. 3 கிலோவாட் கருவி சுமார் 13 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் இணைப்பும், தகுந்த கனமுள்ள கம்பியும், பழுதற்ற எர்த்தும் இன்றியமையாதவை. மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சாதனத்தை வீட்டில் பொருத்துவது, உயிருக்கு வேலி போட்டது போலாகும். வாளிக்குள் தொங்கவிடும் கம்பி ஹீட்டரைப் பயன்படுத்துவோர், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் நீரைத் தொடவே கூடாது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதை வைக்கவும் கூடாது.

இல்லத்தரசியர் கவனத்துக்கு

சில எளிய வழிகளைக் கடைப்பிடித்தால் எந்தக் கீசரும் சிக்கனக் கீசராகும்.

1. கடைசியாகக் குளிப்பவர் தொட்டியில் எஞ்சிய வெந்நீரைப் பயன்படுத்துமாறு, சுவிட்சை முன்னதாகவே அணைத்துவிடுங்கள். நிரம்பிய தொட்டியை மறுநாள்வரை விட்டுவைத்தால், சாதாரணக் கீசரில் அதன் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி வீணாகும்.

2. குடும்பத்தார் அடுத்தடுத்துக் குளிப்பது நல்லது. ஒருவர் ஆறு மணிக்கும் மற்றவர் ஒன்பது மணிக்கும் குளித்தால், தொட்டி இடையே வீணாகக் காத்திருக்கும்.

3. வாளியே சிக்கனம். நிமிடத்திற்கு 10 லிட்டர் பொழியும் பூந்தூறல் குழாயின்கீழ் பத்து நிமிடம் நிற்பவர், ஐந்து வாளி வெந்நீரைத் தனியொருவராகச் செலவழிக்கிறார்.

4. தெர்மோஸ்டாட்டை 60 டிகிரி அளவில் வையுங்கள். அதற்குமேல் ஏற்றுவது வீண். அதற்காக மிகவும் தாழ்த்துவதும் நன்றன்று. 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பலரைப் பலிகொண்ட நுரையீரல் நோயின் கிருமி, வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் பெருகும் தன்மையது. 60 டிகிரி வெப்பத்தில் அது மடியும்.

5. ஆழ்குழாயின் உப்புநீர் வரும் வீடுகளில் சுருளின்மேல் சுண்ணாம்புப் படிவு ஏறும். உரிய காலத்தில் அதை நீக்காவிட்டால் சுருள் எரிந்துபோகும். புதுச்சுருளின் விலை மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

கடைசி வாளி யாருக்கு?

கணக்கு இத்துடன் முடிந்துவிடுவதில்லை. பல வீடுகளில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. எல்லாருக்கும் முன்னே எழுந்து கீசர் போடுபவள் தாய். எல்லாரும் குளித்துச் சென்றபின், மின்சாரம் மிச்சமாகட்டும் என்று தண்ணீரில் குளிப்பவளும் அவளே. மார்கழிப் பனியில் கைவிரல் விறைக்கப் பாத்திரம் துலக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கு ஒரு செம்பு வெந்நீர் தர எவருக்கும் நினைவு வருவதில்லை. இளையவர் நெடுநேரம் தூறலில் நிற்க, முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டனாரின் முறை வரும்போது தொட்டி காலியாகியிருக்கிறது. இப்படி எளியவரின் பங்கைக் குறைத்துச் சேர்க்கும் காசு சிக்கனமாகாது. வலியவர் தம் பங்கிலிருந்து விட்டுக்கொடுப்பதே சிக்கனம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில், நீரைக் குறைவாகப் பயன்படுத்துவதையும், தேவையற்ற விளக்குகளை அணைப்பதையும் அறச்செயல்களாகவே எண்ணிப் பேசுகிறார். கூடுதலாகச் செலவிடும் வசதியிருந்தும், குளிர்காலத்தில் அறையைச் சூடேற்றுவதைக் குறைத்துக்கொண்டு கனத்த ஆடை உடுத்துகிறவரை அவர் எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். ஐயாயிரம் பேர் வயிறார உண்ட பின்னும், எஞ்சிய அப்பத்துண்டுகளைச் சேகரிக்கச் சொன்ன ஆண்டவரின் சீடர்களுக்கு இது புதிய போதனையன்று.

ஆகவே, கீசர் வாங்கப் புறப்படுமுன் குடும்பத்தார் ஓர் இரவு செபத்துக்குப்பின் ஒன்றாய் அமர்ந்து பேசுங்கள். வீட்டில் எத்தனை பேர்? யார் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள்? யாருக்கு வெந்நீர் தேவை, யாருக்கு அது வசதி மட்டுமே? இவற்றுக்கு விடை கண்டால், தொட்டியா தொட்டியில்லாததா என்ற கேள்விக்கு விடை தானே வரும். சுவிட்சை அணைக்கும் பொறுப்பை வீட்டின் சிறுவன் ஒருவனிடம் ஒப்படையுங்கள். தாயின் வாளியையும் பாட்டனாரின் வாளியையும் முதலில் நிரப்பும் பொறுப்பையும் அவனிடமே கொடுங்கள்.